முள்ளை முள்ளால்

காதை அடைத்துக்கொள்ளும் வித்தை மிகப் பழையது. கிரேக்க மகாகவி ஹோமரின் 'ஒடிஸி'யில், ஸைரன்கள் என்ற மாயப் பாடகிகள் வசிக்கும் இடத்தைக் கதாநாயகனின் கப்பல் கடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டவர் ஊர் திரும்பியதில்லை. ஒடிஸியஸ் என்ன செய்தான்? மாலுமிகளின் காதுகளைத் தேன்மெழுகால் அடைத்தான். தன் காதை மட்டும் திறந்தே வைத்து, பாய்மரத்தோடு தன்னைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்டான்! எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்ற பிரச்னை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1907-ல் பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்துக் கடைக்காரர், இந்தக் கதையிலிருந்தே யோசனை பெற்று, மெழுகும் பஞ்சும் சேர்ந்த காதடைப்பான் ஒன்றைச் செய்தார். 'ஓரோபாக்ஸ்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'ஓர்' என்றால் காது. லத்தீனில் 'பாக்ஸ்' என்றால் சமாதானம். முதல் உலக யுத்தத்தில் பீரங்கி முழக்கத்துக்கு நடுவே சிப்பாய்கள் இதை உபயோகித்தார்கள். பிராக் நகரத்து எழுத்தாளர் காப்கா, 1915-ல் பெர்லினிலிருந்து இதைத் தருவித்துக்கொண்டார். அவர்மீது எனக்குத் தனி அனுதாபம் உண்டு. பாதி எழுதிய வாக்கியத்துக்குள் அடுத்த வீட்டுப் பேச்சு நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும்.

விரலால் உருட்டிச் சொருகினால் காதுக்குள் மெல்ல உப்பிக்கொள்ளும் பஞ்சு போன்ற அடைப்பான், 1967-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது. விலை சொற்பம். ஆனால் இவையெல்லாம் கதவைச் சாத்துகிற உபாயங்கள். வேறொரு வழியும் உண்டு. முள்ளை முள்ளால் எடுப்பது என்கிறோமே, அது!

சப்தம் என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலை மேலே எழும்போது, அதே அளவில் கீழே இறங்கும் இன்னோர் அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஜெர்மானியர் பால் லூயிக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதைப் பிரயாணியின் காதுக்குக் கொண்டுவந்தவர் அமர் போஸ். வங்காளத்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போன தேசபக்தர் ஒருவரின் புதல்வர்.

1978-ல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் சங்கீதம் கேட்க முயன்றார் போஸ். இயந்திர இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் சலித்துக்கொண்டு கழற்றி வைத்திருப்பார்கள். பேராசிரியரான அவர் அங்கேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். 1986-ல் எங்கும் இறங்காமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றிய 'வாயேஜர்' விமானத்தின் இரு விமானிகளும் அவருடைய மாதிரிக் கருவிகளை அணிந்திருந்தார்கள். 1989-ல் விமானிகளுக்கென்று அது விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பிரயாணிக்குக் கிடைக்க 2000-ம் ஆண்டு ஆயிற்று.

சரி, நீண்ட பிரயாணத்துக்கு எதை எடுத்துப்போவது? இயந்திரத்தின் ஓயாத தாழ்ந்த ரீங்காரத்தை ஹெட்போன் அழகாக அழித்துவிடும். குழந்தையின் வீறிடலும் பக்கத்து ஆசனத்துப் பேச்சும் அதற்கு அவ்வளவாக அடங்குவதில்லை. ஏற்ற இறக்கமுள்ள கூர்மையான ஒலிகளைத் துரத்திப் பிடிப்பது கடினம். அவற்றுக்குச் சொற்ப விலை அடைப்பானே மேல். இரண்டையும் சேர்த்து அணிந்துகொள்வோரும் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சலை மறைக்கப் பாட்டின் சப்தத்தைக் கூட்டாதீர்கள். உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்ணிய உயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

என்னைக் கேட்டால், தூங்க நினைப்பவருக்கு மாலுமிகளின் மெழுகு. பாட்டுக் கேட்க நினைப்பவருக்குப் போஸின் கருவி. ஒடிஸியஸுக்குப் பின்னது கிடைத்திருந்தால் அலையோசை அடங்கி, ஸைரன்களின் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். கயிற்றை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்திருக்கும்!