சக்சினேட் டிஹைட்ரஜனேஸ்

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் நொதி. சக்சினேட்டை ஃபியூமரேட்டாக மாற்றுகிறது. அப்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை யூபிகுவினோனிடம் ஒப்படைக்கிறது. கிரெப்ஸ் சுழற்சி, சுவாசச் சங்கிலி இரண்டிலும் வேலை செய்யும் நொதி இது ஒன்றுதான். ஏ, பி, சி, டி என நான்கு துணையலகுகள் கொண்டது. நான்குக்கும் உரிய மரபணுக்கள் செல்லின் உட்கருவில் உள்ளன. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் ஒன்றுகூட இல்லை. எனவே இதன் குறைபாடு தாய்வழியில் மட்டுமல்ல, தந்தை வழியிலும் வரும்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் டார்ஸ்டன் துன்பெர்க் 1909 வாக்கில் தசைத் திசு சக்சினேட்டை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் கவனித்தார். 1920களில் குவாஸ்டல், சக்சினேட்டைப் போன்ற உருவம் கொண்ட மலோனேட் இந்த நொதியை முடக்கும் என்று காட்டினார். அந்த முடக்கத்தையே ஆயுதமாக்கி, ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் தம் சுழற்சியை நிறுவினார். அக்கட்டுரையை 'நேச்சர்' இதழ் திருப்பி அனுப்பியது. அதே ஆய்வு 1953இல் நோபல் பரிசு பெற்றது. இந்நொதி தரும் எலக்ட்ரான்கள் வழியில் கடக்கும் சைட்டோகுரோம் சி தாவரங்களிலும் உண்டு என்று 1930களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் கமலா சோஹோனி. பின்னாளில் பம்பாய் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயன்ஸில் பேராசிரியராக இருந்தார்; இவ்வரலாற்றில் மும்பைக்கும் அவர் வழியே பங்கு உண்டு.

புற்றுநோய்க்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் முடிச்சுப் போட்டவர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை நொதிக்கவே செய்கின்றன என்பது அவர் கண்டது. சுவாசம் பழுதானதே புற்றின் மூலகாரணம் என்பது அவர் முடிவு. கண்டது சரி, முடிவுதான் தவறு. பெரும்பாலான புற்றுகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. ஆனால் 2000ஆம் ஆண்டு பிட்ஸ்பர்கில் போரா பைசாலும் குழுவினரும் ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடித்தனர். பரம்பரையாகக் கழுத்தில் பாராகாங்லியோமா கட்டி வரும் குடும்பங்களில் டி துணையலகின் மரபணு பிறழ்ந்திருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சி, பி, ஏ ஆகியவற்றின் பிறழ்வுகளும் பட்டியலில் சேர்ந்தன. இரு பிரதிகளும் பிறவியிலேயே பழுதானால் விளைவு வேறு: ஏ மரபணு அப்படிப் பழுதான குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் லீ நோய்க்குறி வருவது 1995இலேயே தெரிந்திருந்தது.

கட்டி தோன்றும் இடம் கவனிக்கத்தக்கது. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலுள்ள கரோட்டிட் திரள் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உணரும் உறுப்பு. ஆண்டிஸ் மலைவாழ் மக்களுக்கு அது பருத்திருக்கும். அங்கே இக்கட்டிகளும் அதிகம். நொதி செயலற்றால் சக்சினேட் தேங்குகிறது. தேங்கிய சக்சினேட், ஆக்சிஜன் பற்றாக்குறைக்குச் செல்லைத் தயார்செய்யும் எச்.ஐ.எஃப் புரதத்தை அழிக்க வேண்டிய நொதிகளைத் தடுக்கிறது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் செல் மூச்சுத்திணறுவது போல நடந்துகொண்டு, புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துப் பெருகுகிறது. டிஎன்ஏவிலிருந்து மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளும் இதே வகையில் முடங்குகின்றன. ஒரு வளர்சிதை மாற்றப் பொருளே தனித்துப் புற்றைத் தூண்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் குறைவு.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்குப் பெரிய வியாதி என்றால் பரேல்தான். அங்குள்ள கேஇஎம் மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையினர், பாராகாங்லியோமா, அட்ரினல் சுரப்பியில் தோன்றும் அதே வகைக் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமா ஆகியவற்றின் நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் பிறவிப் பிறழ்வு இருந்தது. முதலிடம் வி.எச்.எல் மரபணுவுக்கு, சக்சினேட் டிஹைட்ரஜனேஸின் துணையலகுகளில் பி முன்னின்றது. பி பிறழ்ந்தால் கட்டி எலும்பு, கல்லீரல், நுரையீரலுக்குப் பரவும் அபாயம் அதிகம் என்பதால் இது சாதாரணத் தகவல் அல்ல. நான்கில் எது பழுதானாலும் திசுப் பரிசோதனையில் பி துணையலகின் நிறமேற்றம் மறைந்துவிடும். நோயியல் நிபுணருக்கு அதுவே முதல் துப்பு.

சிகிச்சையில் செம்பூருக்கு அப்பாலுள்ள டிராம்பேக்கும் இடமுண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் உருவாகும் கதிரியக்க லுட்டீஷியம்-177, இக்கட்டிகளின் மேற்பரப்பில் உள்ள சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளைத் தேடிச் சென்று ஒட்டும் மருந்தோடு இணைக்கப்பட்டு நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. பரேலில் உள்ள அம்மையத்தின் கதிரியக்க மருத்துவ மையத்தில்தான் 2002இல் நாட்டின் முதல் பெட் ஸ்கேன் வசதி தொடங்கியது. எச்.ஐ.எஃப்-2ஐத் தடுக்கும் பெல்சுட்டிஃபானுக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் இந்நோய்க்கென அனுமதி கிடைத்தது. ஆனாலும் அறுவைச் சிகிச்சையே முதன்மை. கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரப்பதாக இருந்தால், அவற்றின் விளைவைத் தடுக்கும் மாத்திரைகளை முன்கூட்டியே சில நாட்கள் கொடுக்காமல் கத்தி வைப்பது உயிருக்கே ஆபத்து.

டி மரபணுவின் பிறழ்வு தந்தையிடமிருந்து வந்தால்தான் பெரும்பாலும் கட்டி உண்டாகும். தாயிடமிருந்து பெற்றவர் நலமாக இருந்துகொண்டே அதைக் கடத்தலாம். நோய் ஒரு தலைமுறையைத் தாண்டித் தலைகாட்டுவது இதனால்தான். தலைவலி, வியர்வை, படபடப்போடு ரத்தக் கொதிப்பு விட்டுவிட்டு எகிறுகிறவர்கள், அட்ரினலின் வகை ஹார்மோன்களின் சிதைவுப் பொருளை அளக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாத்தாவுக்கோ அத்தைக்கோ கழுத்தில் கட்டி இருந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.