11016 என்பது எந்த நாள்?

நண்பர்களே, 11016 என்றால் என்ன? எண்தானே என்பீர்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் அது ஒரு தேதி: 2000 பிப்ரவரி 29. ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு வெளியான நாள் அது. 1970 ஜனவரி 1 முதல் எண்ணினால் 11016 நாட்கள். "இது தேதி" என்ற குறிப்பு ஒட்டியிருக்கும் வரைதான் அது தேதி. குறிப்பு உதிர்ந்தால் வெறும் எண்!

இந்தக் குறிப்புக்கு ஆட்ரிபியூட் என்று பெயர். தமிழில் பண்பு எனலாம்.

இதன் தேவை பழையது. கருத்துக்கணிப்பு விடைகளை 1, 2, 9 என்று எண்களாகத்தான் கணினிக்குக் கொடுப்பார்கள். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் நார்மன் நை குழுவினர் உருவாக்கிய எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எழுதி ஒட்டிவைக்கலாம்.

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் எஸ் மொழியைத் தொடங்கினார்கள். 1992-ல் வந்த அவர்களின் நூல், ஒரு தரவு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையே ஒரு பண்பாக எழுதிவைக்கும் முறையை விளக்கியது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டது.

சிக்கலும் கூடவே வந்தது. ஒரு சாதாரண வரிசையிலிருந்து சில மதிப்புகளை மட்டும் எடுத்தால், உறுப்புகளின் பெயர்கள் தங்கும். மற்ற பண்புகள் பெரும்பாலும் உதிரும். இஃப்எல்ஸ் கட்டளைக்குள் தேதியைக் கொடுத்தால் 11016 போன்ற எண்தான் திரும்பி வரும். அதனால் பழைய பொருளின் பண்புகளைப் புதியதற்கு நகலெடுக்கிறோம். நீளம் பொருந்தாவிட்டால் அப்போதும் பிழை வரும். அதற்காகவே மோஸ்ட்ஆட்ரிபியூட்ஸ் என்ற வழி இருக்கிறது. பெயர்களும் அளவுகளும் பொருந்தினால் மட்டுமே அது அவற்றை ஒட்டும்.

ஆனால் பொருள் பொருந்துகிறதா என்று எந்தக் கட்டளையும் பார்க்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் புராஜெக்டில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை. இரண்டாவதில் அதுவே தலைகீழ். நான் கவனிக்காமல் முதலாவதின் பண்புகளை இரண்டாவதற்கு நகலெடுத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அட்டவணை அழகாக வந்தது. ஆம் சொன்னவர்கள் எல்லாரும் இல்லை சொன்னவர்களாகிவிட்டார்கள்! "ஒரே வருஷத்தில் எல்லாரும் மனசு மாறிட்டாங்களா?" என்று ஆசிரியர் கேட்டபோதுதான் உறைத்தது.

பெயர் ஒட்டாத டப்பாவைத் திறந்து பார்ப்போம். "சர்க்கரை" என்று ஒட்டிய உப்பு டப்பாவை யாரும் சந்தேகிப்பதில்லை. எனவே நண்பர்களே, பண்புகளை நகலெடுக்கும் முன் இரண்டு வினாத்தாள்களையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.