லோட்டஸ் கப்பலும் 80 நாள் சிறையும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆற அமரப் படியுங்கள்.

அக்கா மகன் சரக்குக் கப்பலில் தேர்டு ஆபீசராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை. "நடுக்கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எந்த ஊரு போலீஸ்டா பிடிக்கும்?" என்று என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. இதே கேள்விக்காகத்தான் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சும் துருக்கியும் உலக நீதிமன்றத்தின் படி ஏறின.

1926 ஆகஸ்ட் 2. நள்ளிரவு நெருங்கும் நேரம். ஏஜியன் கடலில், லெஸ்போஸ் தீவின் சிக்ரி முனைக்கு வடக்கே ஐந்தாறு கடல் மைல் தொலைவு. கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குப் போய்க்கொண்டிருந்த 'லோட்டஸ்' என்ற பிரெஞ்சுத் தபால் கப்பலும், 'போஸ்குர்ட்' என்ற துருக்கி நிலக்கரிக் கப்பலும் மோதிக்கொண்டன. போஸ்குர்ட் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. துருக்கியர் எட்டுப் பேர் இறந்தார்கள். லோட்டஸ் ஓடிவிடவில்லை. நின்று, பத்துப் பேரைக் காப்பாற்றிவிட்டுத்தான் பயணத்தைத் தொடர்ந்தது. பிழைத்தவர்களில் போஸ்குர்ட்டின் கேப்டன் ஹசன் பேயும் ஒருவர்.

மறுநாள் கப்பல் துறைமுகம் சேர்ந்தது. மோதல் நேரத்தில் லோட்டஸில் காவல் பணியில் இருந்த அதிகாரியின் பெயர் தெமோன். ஆகஸ்ட் 5 அன்று, சாட்சி சொல்லத்தான் அவரைக் கரைக்கு வரச் சொன்னார்கள். விசாரணை நீண்டது, கப்பல் புறப்படவே தாமதமானது. கடைசியில் அவரையும் ஹசன் பேயையும் கைது செய்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தூதரகத்துக்கு முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. தெமோனுக்கு 80 நாள் சிறை, 22 பவுண்டு அபராதம். ஹசன் பேக்குச் சற்றே கூடுதல் தண்டனை. ஆக, துருக்கி நீதிமன்றம் தன் ஆளைத் தப்பவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

பிரான்ஸ் கொதித்தது. கடல் பொதுக்கடல், கப்பல் எங்கள் கொடி, அதிகாரி எங்கள் குடிமகன், விசாரிக்க நீ யார் என்று கேட்டது.

துருக்கி ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உஸ்மானியர் ஆட்சியில் அந்த மண்ணில் இருந்த ஐரோப்பியர்களை உள்ளூர் நீதிமன்றங்கள் எளிதில் தொட முடியாது, அவரவர் நாட்டுத் தூதரகமே விசாரிக்கும். வகுப்பில் இல்பர்ட் மசோதா நடத்தியது சிலருக்காவது நினைவிருக்கும். இந்திய நீதிபதி வெள்ளைக்காரரை விசாரிக்கலாமா என்று 1883இல் கிளம்பிய ரகளை. அதே வியாதிதான் இதுவும். அந்தச் சலுகைகளை 1923 லோசான் உடன்படிக்கை ஒழித்து மூன்றே வருஷம் ஆகியிருந்தது. புதிய குடியரசுக்கு இது மானப் பிரச்சினை. ஹேக் நகரத்தில் துருக்கிக்காக வாதாடியது நீதித்துறை அமைச்சர் மஹ்மூத் எசாத்தேதான்.

1927 செப்டம்பர் 7 அன்று தீர்ப்பு. வாக்குகள் ஆறுக்கு ஆறு. தலைவர் மாக்ஸ் ஹூபரின் தீர்மான வாக்கில் துருக்கி ஜெயித்தது. பொதுக்கடலில் ஒரு கப்பல் அதன் கொடி நாட்டு மண்ணைப் போன்றது, மரணம் நிகழ்ந்தது துருக்கிக் கப்பலில், எனவே துருக்கியும் விசாரிக்கலாம், அதைத் தடுக்கும் சர்வதேச விதி எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். பிற்பாடு எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று துருக்கியில் சட்டம் வந்தபோது அமைச்சர் தேர்ந்தெடுத்த பெயர் என்ன தெரியுமா? போஸ்குர்ட்!

கப்பல் அதிகாரிகளுக்கோ வயிற்றில் புளி கரைந்தது. இருட்டிலும் மூடுபனியிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு மோதலுக்காக, அடுத்து ஒதுங்கும் துறைமுகத்தில் சிறை என்றால் எவன் கப்பல் ஓட்டுவான்? அவர்களின் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 1952இல் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. 1958 ஜெனீவா ஒப்பந்தமும், 1982 ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 97ஆம் பிரிவும் அதே வழியில் போயின. பொதுக்கடலில் மோதல் நடந்தால் குற்ற வழக்குப் போடும் உரிமை கப்பலின் கொடி நாட்டுக்கோ, அந்த ஊழியரின் சொந்த நாட்டுக்கோ மட்டும்தான். கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவிடும் உரிமை கொடி நாட்டுக்கு மட்டும்.

அக்காவிடம் இதைச் சொன்னதும் நிம்மதியானார். மீதியை அவரிடம் சொல்லவில்லை.

1926இல் கப்பல் பிரான்ஸ், அதிகாரி பிரான்ஸ். இன்று உலகின் பெரிய கப்பல் பதிவேடுகள் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகளுடையவை. நம் பையன் ஓட்டுவதும் லைபீரியக் கொடிக் கப்பல்தான், ஆனால் லைபீரியாவை அவன் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஒரு கப்பல் 12 கடல் மைலுக்கு அப்பால் நம் மீனவர் படகை நசுக்கிவிட்டால், குற்ற வழக்கை லைபீரியா நடத்த வேண்டும், இல்லையென்றால் அந்த அதிகாரியின் நாடு நடத்த வேண்டும். நஷ்டஈட்டுக்காக நம் உயர் நீதிமன்றத்தில் கப்பலை நிறுத்திவைக்கக் கேட்கலாம், அது தனிச் சட்டம். ஆனால் கவனக்குறைவுக்குத் தண்டனை கேட்டு அந்த மீனவரின் மனைவி லைபீரியாவுக்கா போவாள்? மாலுமிக்கு நியாயம் செய்யப்போய் இறந்தவரின் குடும்பத்தை இந்த விதி அந்தரத்தில் விட்டுவிட்டது என்பதே என் எண்ணம்.

2012 பிப்ரவரி 15 நினைவிருக்கிறதா? கேரளக் கடலில், கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில், 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து 'செயின்ட் ஆன்டனி' படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். இத்தாலி இதே 97ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தது. சுடுவது கப்பலோட்டும்போது நேரும் விபத்து ஆகாது என்று 2013இல் நம் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2020இல் சர்வதேச நடுவர் மன்றமும் அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்றே சொன்னது. ஆனால் வீரர்கள் இத்தாலி அரசின் ஊழியர்கள், அதனால் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது என்று இன்னொரு கதவைச் சாத்தியது. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021இல் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்தது. 2022இல் ரோமிலும் முடித்துவிட்டார்கள்.