மாவே பாத்திரமான ஆப்பிள் பை

மாவை வட்டமாக விரித்து, நடுவே ஆப்பிள் துண்டுகளை அடுக்கி, ஓரங்களை உள்நோக்கி மடித்துச் சுடும் பண்டத்தைப் பிரெஞ்சுக்காரர் 'கலெட்' என்பர். இத்தாலியர் 'குரோஸ்தாத்தா' என்பர். தட்டில் பொருத்தி வடிவமைக்காததால் இதனைச் செம்மையற்ற பட்டிக்காட்டுப் பண்டம் எனக் கருதுவோர் உளர். வரலாறோ வேறு கூறுகிறது.

1381ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆங்கிலக் கையெழுத்துச் சுவடி ஒன்றில் ஆப்பிள் பண்டத்தின் செய்முறை உள்ளது. ஆப்பிள், பேரிக்காய், அத்தி, உலர்திராட்சை, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை நன்கு இடித்து, குங்குமப்பூவால் நிறமூட்டி, 'காஃபின்' ஒன்றில் இட்டுச் சுடுமாறு அது கூறுகிறது. இன்று சவப்பெட்டியைக் குறிக்கும் அச்சொல், அன்று பெட்டி, கூடை என்றே பொருள்பட்டது. மாவைக் கையால் சுவர்போல் எழுப்பிய அப்பெட்டியே அன்றைய பாத்திரம். அச்செய்முறையில் சர்க்கரை இல்லை. அக்கால இங்கிலாந்தில் அது விலையுயர்ந்த இறக்குமதிப் பொருள். இனிப்பைப் பழங்களே தந்தன.

இப்பழக்கம் குடியேறியோருடன் அமெரிக்கா சென்றது. 1796இல் அமேலியா சிம்மன்ஸ் அங்கு வெளியிட்ட சமையல் நூலிலும் ஆப்பிள் பை இடம்பெற்றது. பின்னாளில் அதுவே அந்நாட்டின் அடையாளமாகவும் போற்றப்பட்டது.

ஆகவே, வீட்டில் பை சுடுவதற்குரிய தட்டு இல்லையே என எவரும் தயங்க வேண்டியதில்லை. பழச்சாறு வழியாதபடி ஓரத்தை இரு விரல் அகலம் மடித்தால் போதும். மடிப்பு கோணலாக அமைந்தாலும் குறையன்று. தட்டு வருமுன்னரே கை இருந்தது.