சோளத்தின் ஆட்சி

உலகில் இன்று ஆண்டுதோறும் அறுவடையாகும் தானியங்களுள் அளவால் முதலிடம் பெறுவது நெல்லும் அன்று, கோதுமையும் அன்று; சோளமே அது. நம் நாட்டுச் சேனைகளில் விளைவதும், அவித்த பொத்திகளாகத் தெருவோரங்களில் விற்கப்படுவதுமாகிய சோளத்தையே இங்குக் குறிப்பிடுகின்றோம். தமிழகத்தார் இதனை மக்காச்சோளம் என்பர். யாழ்ப்பாணத்தில் இறுங்கு என வழங்கும் தானியம் வேறு. சோளமோ அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. இன்று ஆண்டொன்றுக்கு நூறு கோடி தொன்னுக்கு மேல் விளையும் இத்தானியத்தை, ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ கண்டவர் எவருமிலர். அது உலகை வென்ற வரலாறு வியப்புக்குரியது. அவ்வெற்றியின் நிழலிலே இலட்சக்கணக்கான ஏழை மக்கள் நோயுற்று நலிந்த வரலாறும் உண்டு. அதனையே இன்று நாம் சிறிது நோக்குவோம்.

இற்றைக்கு ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன், தென்மெக்சிக்கோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து சோளம் உருவாக்கப்பட்டது. அப்புல்லின் கதிர் விரலளவினது. கல் போன்ற ஓடு மூடிய சில விதைகளே அதில் இருக்கும். நல்ல விதையைத் தெரிந்து தெரிந்து விதைத்த எண்ணற்ற தலைமுறையினரின் உழைப்பினாலேயே அது மணி திரண்ட பொத்தியாக மாறிற்று. ஆயின் மாறிய சோளம் தானே விதை சிந்தி முளைக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. மடல்களை உரித்து மணிகளைப் பிரித்து ஊன்ற ஒரு மனிதக் கை வேண்டும். மனிதன் சோளத்தை நம்பியது போலவே சோளமும் மனிதனை நம்பி வாழலாயிற்று.

அதனை ஆக்கிய மக்கள் அதன் குறையையும் அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். அவர்கள் சோளத்தைத் தனியே பயிரிட்டாரல்லர். சோளத் தண்டிலே அவரையினக் கொடி படரும். நிலத்திலே பூசணி படர்ந்து களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். அவரையினத்தின் வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். மில்பா என்பது இவ்வகைத் தோட்டத்தின் பெயர். உண்ணும் முறையும் இத்தகையதே. சோள மணியைச் சுண்ணாம்பு நீரில் அல்லது சாம்பல் நீரில் வேகவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவி, அதன் பின்னரே அரைத்து அடை தட்டினர். நயாசின் என்னும் உயிர்ச்சத்து சோளத்திலே உண்டெனினும், அதன் பெரும்பகுதி நம் உடல் ஏற்க இயலாதவாறு பிணைந்து கிடப்பது. சுண்ணாம்பு அப்பிணைப்பை அவிழ்க்கின்றது, சுண்ணச்சத்தையும் ஊட்டுகின்றது. நெல்லைப் புழுக்கிக் குற்றும் நம்மவர் வழக்கம், தவிட்டின் சத்தை அரிசிக்குள் செலுத்தி, பெரிபெரி நோய் அணுகாமற் காத்தது அன்றோ? உயிர்ச்சத்து என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, அடுக்களையில் அறிவியல் இருந்தது.

1492ஆம் ஆண்டில் கொலம்பஸின் கப்பல்கள் கரீபியத் தீவுகளை அடைந்தன. அதன்பின் சோளம் ஸ்பெயினுக்குச் சென்றது. அங்கிருந்து இத்தாலி, பால்கன் நாடுகள், ஆபிரிக்கா, சீனம் எனப் பரவிற்று. விதை கடல் கடந்தது. சுண்ணாம்புப் பானை கடல் கடக்கவில்லை. ஐரோப்பாவில் நீராலைகளும் காற்றாலைகளும் இருந்தன. உலர்ந்த சோளத்தை அங்கேயே மாவாக்கலாம். ஊறவைத்தலும் கழுவுதலும் அவர்களுக்கு வீண்வேலையாகத் தோன்றியிருக்கக் கூடும்.

ஐரோப்பியக் குடியானவர்களுக்குச் சோளம் முதலில் ஒரு வரப்பிரசாதமாகவே வாய்த்தது. ஒரு பிடி விதை பிற தானியங்களிலும் பன்மடங்கு விளைவு தந்தது. ஆனால் அம்மிகுதி உழுதவன் வீட்டை நிறைக்கவில்லை. வட இத்தாலியில் கோதுமை நிலவுடைமையாளரின் களஞ்சியத்துக்கும் சந்தைக்கும் சென்றது. உழவனுக்கு எஞ்சியது சோளமாவைக் காய்ச்சிய பொலெந்தா என்னும் களி. பாலும் இறைச்சியும் அவன் இலைக்கு அரிதாயின. பஞ்சத்தில் கைகொடுத்த தானியம் நாளடைவில் காலை, நண்பகல், இரவு என்னும் மூவேளைக்கும் ஒரே உணவாயிற்று.

1735இல் ஸ்பெயினின் வடபகுதியாகிய அஸ்தூரியாஸில் காஸ்பர் கசால் என்னும் வைத்தியர் ஒரு புதிய நோயைக் கண்டார். வெயில் படும் கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து, தடித்து, பொருக்குவிட்டது. நோயாளிகள் யாவரும் ஏழைகள். சோளத்தையே பெரிதும் உண்டவர்கள். அவர் எழுதிய நூல் அவர் மறைந்த பின் 1762இலேதான் அச்சேறிற்று. 1771இல் மிலான் நகர வைத்தியர் பிரான்செஸ்கோ பிராபொல்லி இந்நோயைப் பெலாக்ரா எனக் குறித்தார். சொரசொரத்த தோல் என்பது அச்சொல்லின் பொருள். தோலிலே தொடங்கும் நோய் வயிற்றோட்டமாகி, பின் சித்தத்தைக் கலக்கி, இறுதியில் உயிரைக் கவரும். 1880ஆம் ஆண்டளவில் இத்தாலியில் மட்டும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். பூஞ்சணம் பிடித்த சோளத்தின் நஞ்சே காரணம் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். உழவனின் தட்டில் என்ன இருந்தது என்று ஆராய்ந்தவர் பலர்; என்ன இல்லை என்று கேட்டவர் சிலரே.

இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி சோளத்தின் சொந்தக் கண்டத்திலேயே நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தியே எங்கும் ஆட்சி செலுத்திற்று. வார நிலத்தில் உழுத குடும்பங்கள் வீட்டு வாசற்படி வரை பருத்தி நட்டன. காய்கறித் தோட்டத்துக்கும் கறவைப் பசுவுக்கும் இடமில்லை. கடைக்காரனிடம் கடனாகப் பெற்ற சோளமா, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, சர்க்கரைப்பாகு இவையே அவர்களின் உணவு. புதிய ஆலைகளோ சோளத்தின் முளையை நீக்கி, நெடுநாள் கெடாத மாவை அரைத்து இரயிலில் அனுப்பின. முளையோடு சத்தும் நீங்கிற்று. 1906இல் அலபாமா மாநிலத்து மனநோய் வைத்தியசாலை ஒன்றில் 88 பேர் இந்நோய்க்கு ஆளாகி, அவர்களுள் 57 பேர் மாண்டனர். அவ்வாண்டு முதல் 1940 வரை தென்மாநிலங்களில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், ஓர் இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்படுகின்றது.

இது தொற்றுநோய் என்றே அன்று பெரும்பாலோர் நம்பினர். 1914இல் அரசாங்கப் பொதுச் சுகாதாரச் சேவை இதனை ஆராய ஜோசப் கோல்ட்பேர்கர் என்பவரை நியமித்தது. ஹங்கேரி நாட்டிற் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க்கில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அநாதை இல்லங்களுக்கும் மனநோய் வைத்தியசாலைகளுக்கும் சென்ற அவர், ஓர் எளிய உண்மையைக் கவனித்தார். உள்ளே வாழ்ந்தோர் நோயுற்றனர். அவர்களைத் தொட்டுப் பராமரித்த தாதியரும் பணியாளரும் நோயுறவில்லை. தொற்றுநோயாயின் அது உத்தியோகம் பார்த்தா தொற்றும்? பணியாளருக்கோ பாலும் முட்டையும் இறைச்சியும் கிடைத்தன. மிசிசிப்பி மாநிலத்தில் அநாதை இல்லங்களுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரையும் பட்டாணியும் வழங்கச் செய்தார். நோய் மறைந்தது.

அடுத்து, நலமுள்ளோருக்கு உணவு மாற்றத்தால் இந்நோய் வருமா என அறிய விரும்பினார். 1915இல் அதே மாநிலச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை அளிப்பதாக ஆளுநர் தந்த வாக்குறுதியை ஏற்று, கைதிகள் சிலர் சோளமா மிகுந்த உணவை மாதக்கணக்காக உண்டனர். சோதனையில் இறுதிவரை நின்ற 11 பேரில் 6 பேருக்கு நோய் கண்டது. விடுதலைக்காக உடல்நலத்தை ஈடுவைக்கச் செய்த இம்முறையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. கோல்ட்பேர்கர் தம்மையும் விட்டுவைத்தாரல்லர். நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர்களுடைய தோற்பொருக்கை மாத்திரையாக்கி விழுங்கினார். அவர் மனைவி மேரியும் நோயாளியின் இரத்தத்தை ஊசி வழி ஏற்றுக்கொண்டார். எவருக்கும் நோய் தொற்றவில்லை.

பின்னர் பொருளியலறிஞர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கருடன் சேர்ந்து, தென் கரோலினாவின் பருத்தி ஆலைக் கிராமங்கள் ஏழில் வீடு வீடாக வருமானத்தையும் உணவையும் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. பருத்தி விலை சரிந்த 1921இல், நோய் பெருகப் போகின்றது என எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, தென்மாநிலத் தலைவர்கள் பலர் தம் மண்ணுக்கு இழுக்கென வெகுண்டனர். பட்டினியை ஒப்புக்கொள்வதினும் கிருமியை ஒப்புக்கொள்வது அவர்களுக்கு எளிதாயிருந்தது. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்தபோது, விலை மலிந்த நொதியம் இந்நோயைத் தடுக்கும் என்ற அவருடைய கண்டுபிடிப்பு பயன்பட்டது. 1929இல் அவர் காலமானார். குறைந்திருந்த சத்து நயாசினே என்பதற்கு 1937இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கொன்ராட் எல்வேஜெம் வழிகாட்டினார். 1940களில் மாவிலும் பாணிலும் அச்சத்து சேர்க்கப்படவே, அமெரிக்காவில் பெலாக்ரா மறையலாயிற்று.

நோய் மறைந்தது, சோளத்தின் ஆட்சியோ விரிந்தது. 1930கள் வரை அமெரிக்க வயல்களில் ஏக்கருக்குச் சராசரியாக 26 புசல் அளவே விளைந்தது. கலப்பின விதை வந்தபின் விளைச்சல் உயர்ந்து, இந்நூற்றாண்டில் 170 புசலையும் கடந்துவிட்டது. செயற்கை உரமும் இயந்திரமும் அதற்குத் துணைநின்றன. ஆனால் கலப்பினச் சோளத்தில் விதை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால் அதே விளைவு வாராது. எனவே ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்க வேண்டியவனானான் கமக்காரன். முன்னர் தன் குதிரில் இருந்த விதை இப்போது வணிகரின் கையில்.

ஆயிரமாயிரம் ஏக்கரில் ஒரே குருதியுடைய பயிர் நிற்பது எத்துணை ஆபத்து என்பதை 1970ஆம் ஆண்டு காட்டிற்று. விதை உற்பத்தியை எளிதாக்கும் ஒரே பண்பு, அன்றைய அமெரிக்கச் சோளத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் புகுத்தப்பட்டிருந்தது. அப்பண்பே ஒரு பூஞ்சண நோய்க்குத் திறந்த வாயிலாயிற்று. இலைக்கருகல் நோய் தெற்கிலிருந்து வடக்கே பரவி, நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கை ஒரே போகத்தில் அழித்தது.

இவ்வளவு சோளத்தையும் உண்பவர் யார்? அமெரிக்காவில் அதன் பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனியாகின்றது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோட்டார் வண்டிக்கான எதனோல் ஆகின்றது. ஒரு பகுதி இனிப்புப் பாகாக மாறுகின்றது. 1984இல் அந்நாட்டின் இருபெரும் குளிர்பானங்கள் கரும்புச் சீனியை விட்டு முற்றாக இப்பாகுக்கு மாறின. கடையிலே நூறு பெயர்களில் நூறு பொட்டலங்கள் இருக்கும். பலவற்றின் மூலம் ஒரே வயல். பன்மை நம் கண்ணுக்கு மட்டுமே தெரிகின்றது.

பெலாக்ரா பழங்கதை என எண்ணுவோர்க்கு 1990ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். மொசாம்பிக் நாட்டுப் போருக்கு அஞ்சி மலாவியிற் புகுந்த அகதிகளுக்குச் சோளமே முதன்மையான பங்கீட்டு உணவு. அதனுடன் கொடுக்கப்பட்ட நிலக்கடலைதான் நயாசினை வழங்கிற்று. கடலையின் வரவு தடைப்பட்டது. சில மாதங்களுள் 18,000 பேருக்கு மேல் பெலாக்ரா கண்டது. காரணமும் மருந்தும் உலகறிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. வயிற்றை நிரப்பும் கணக்கை மட்டும் பார்த்தவர்க்கு, ஒரு பிடி கடலை உயிர்க்கணக்கு என்பது தெரியாமற் போயிற்று.

இலங்கைக்கும் இவ்வரலாறு அயலன்று. 2018இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு நம் சோளச் சேனைகளிற் புகுந்து பெருஞ்சேதம் விளைத்ததை நம் கமக்காரர் மறந்திரார். கோழித்தீனுக்கெனச் சோளம் பெருகப் பெருக, குரக்கனும் பயறும் கௌபியும் உழுந்தும் கலந்து நின்ற பழைய சேனையின் காவல் குறைகின்றது. மற்றொரு புறம், கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவை நோக்குங்கள். சோளத்தோடு சோயா அவரையைச் சேர்த்து ஆக்கப்படும் மா அது. சோளத்தின் பக்கத்தில் ஓர் அவரையினம் நிற்க வேண்டும் என்று மெக்சிக்கோவின் பண்டை உழவர் கண்ட அதே உண்மையே அதிலும் உள்ளது.

ஆகவே சோளத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. அது பல கோடி மக்களைப் பசியினின்று காத்த தானியம். அதனைத் துணையின்றித் தனியே நிறுத்தியவர் மனிதர். வயலிலே வேறு பயிருக்கும், தட்டிலே வேறு உணவுக்கும் இடமில்லாமற் செய்தவை வறுமையும் சந்தையும். ஒரு நாடு தன் விளைச்சலைத் தொன் கணக்கில் அளப்பதோடு நில்லாது, அந்நாட்டின் ஏழை வீட்டு அடுப்பில் சோற்றோடும் களியோடும் வேறென்ன வேகின்றது என்பதையும் கேட்டறிய வேண்டும். இரண்டு நூற்றாண்டு நோய்க்குப் பின் கோல்ட்பேர்கர் வீடு வீடாகச் சென்று கேட்ட கேள்வியும் அதுவே.