அடைபட்ட ஆவி

'லெட் ஆஃப் ஸ்டீம்' (ஆவியை வெளியே விடுதல்) என்ற ஆங்கிலத் தொடரைக் 'கோபத்தைக் கொட்டினான்' என்று தமிழாக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. கோபம் தொடரின் ஒரு பாதிதான். மறுபாதியைக் காண நீராவி இன்ஜினிடம் போக வேண்டும்.

நிலையத்தில் நிற்கும் இன்ஜினைப் பாருங்கள். சக்கரம் சுழலவில்லை, ஆவிக்கு வேலையில்லை. ஆனால் உள்ளே நிலக்கரி கனன்றபடியே இருக்கிறது. கொதிகலனில் அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் பாதுகாப்பு வால்வு ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறக்கிறது. காது கூசும் சீறலோடு ஆவி மேலே பாய்கிறது. அழுத்தம் தணிந்ததும் வால்வு தானே மூடிக்கொள்கிறது. ஓடும்போது செலவாகும் ஆவிதான் நிற்கும்போது நெருக்குகிறது.

வால்வு திறக்க முடியாமல் போனால்? 1803இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில் பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இன்ஜின் ஒன்று வெடித்தது. அதைக் கவனிக்க வேண்டிய சிறுவன் விலாங்கு பிடிக்கப் போயிருந்தான். இன்ஜின் மிகுவேகமாக ஓடுவதைக் கண்ட தொழிலாளி ஒருவர் அதை நிறுத்தினார். வால்வின் நெம்புகோலை அழுத்திக் கட்டியிருந்த ஸ்பானரை மட்டும் எடுக்கவில்லை. சும்மா நின்ற கொஞ்ச நேரத்திலேயே கொதிகலன் சிதறி நால்வர் மாண்டனர். 1831 ஜூனில் அமெரிக்காவின் 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' இன்ஜினுக்கும் இதே கதி. வால்வின் சீறல் பொறுக்காமல் அதை அடைத்துவிட்டாராம் இன்ஜினின் அடுப்பைக் கவனித்த தொழிலாளி. அவர் உயிரே போயிற்று.

ஆகவே அந்தச் சீறல் ஆபத்தல்ல, ஆபத்து விலகுவதன் ஓசை. நாள் முழுக்க வகுப்பில் அடைந்துகிடந்த பிள்ளைகள் மணியடித்ததும் மைதானத்தில் கத்தி ஓடுவதற்கும் ஆங்கிலேயர் இத்தொடரைத்தான் சொல்வார்கள். அங்கே கோபம் ஏது? நண்பன் பொரிந்து தள்ளியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்று ஆற்றுப்படுத்தவும் இதுவே உதவும். வால்வே இல்லாமல் வெடிப்பவனுக்கு அவர்களிடம் வேறு தொடர்கள் உண்டு.

தமிழிலும் ஆவி இருக்கிறது, வெளிவராத நிலையில். காற்றில்லாத அறையில் புழுங்குகிறோம். சொல்ல முடியாத வேதனையிலும் மனம் புழுங்குகிறது. நெல்லைப் புழுக்குவதும் அதே வேர்தான். அந்தப் புழுக்கம் வெளியேறும் கணத்துக்கு நம் வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு: "மனசுல கெடந்ததைக் கொட்டிட்டேன், இப்பத்தான் லேசா இருக்கு." மொழிபெயர்ப்பில் நான் தேடும் மறுபாதி அந்த 'லேசா'வில் இருக்கிறது.