இதயத் தமனிப் படங்களைக் கணினி அளவிடும் முறை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் சாதாரண எக்ஸ்-கதிர் படத்தில் புலப்படுவதில்லை. மணிக்கட்டு அல்லது தொடையின் வழியே செலுத்தப்படும் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் மூலம் அயோடின் கலந்த சாய மருந்து தமனிக்குள் செலுத்தப்படும்போதே அவற்றின் உட்பாதை கருநிழலாகத் தெரிகிறது. இதுவே ஆஞ்சியோகிராம் பரிசோதனை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர் 1958-இல் இதற்கு வழிவகுத்தார்.

அடைப்பு எத்தனை விழுக்காடு என்பது நெடுங்காலம் மருத்துவரின் கண்மதிப்பாகவே இருந்தது; இன்றும் பல இடங்களில் அவ்வாறே உள்ளது. ஒரே படத்திற்கு இரு மருத்துவர்கள் இரு வேறு அளவுகளைக் கூறுவதுண்டு. கடுமையான அடைப்புகளை மிகைப்படுத்திக் காணும் இயல்பும் கண்ணுக்கு உண்டு. கணினி அளவீடு இக்குறையைப் போக்க வந்தது.

முதலில், இதயம் விரிந்து அசைவு குறைந்திருக்கும் கணத்தின் படம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கணினி அதில் தமனியின் நடுக்கோட்டைக் கண்டறிந்து, அதன் இருபுறமும் கருமை சட்டெனக் குறையும் இடங்களை விளிம்புகளாகக் குறிக்கிறது. படத்திலேயே தெரியும் கதீட்டர் அளவுகோலாகிறது. சான்றாக, 6 பிரெஞ்சு அளவுக் கதீட்டரின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர். அது படத்தில் 20 புள்ளிகள் அகலம் இருந்தால் ஒரு புள்ளி 0.1 மில்லிமீட்டர் ஆகும். அண்மைக் காலத்தில் விளிம்புகளைக் குறிக்கும் பணியைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் செய்கின்றன.

அடைப்புக்கு அருகில் தமனி 3 மில்லிமீட்டரும் குறுகிய இடத்தில் 1.2 மில்லிமீட்டரும் இருப்பின், விட்டத்தின்படி அடைப்பு 60 விழுக்காடு. குறுக்குப் பரப்பின்படி அதே அடைப்பு 84 விழுக்காடு! அறிக்கையில் உள்ள எண் எதனைக் குறிக்கிறது என மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. பொதுவாக விட்டமே குறிக்கப்படுகிறது.

கணினியும் தவறக்கூடும். தமனி முழுவதும் கொழுப்பு படிந்து சீராகக் குறுகியிருந்தால், ஒப்பிடுவதற்கு நலமான பகுதியே இராது. விழுக்காடு குறைவாக வரும். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும், தமனி சாய்வாகப் படம் பிடிக்கப்பட்டிருந்தாலும் அளவு பிறழும்.

இவற்றினும் முக்கியமானது, குறுகலும் இரத்த ஓட்டக் குறைவும் ஒன்றல்ல என்பது. 2010-இல் வெளியான ஃபேம் ஆய்வின் முடிவுகளின்படி, கண்மதிப்பில் 50 முதல் 70 விழுக்காடு எனக் கருதப்பட்ட அடைப்புகளுள் 35 விழுக்காடு மட்டுமே ஓட்டத்தை உண்மையில் பாதித்தன. அழுத்தத்தை அளக்கும் நுண்கம்பியைத் தமனிக்குள் செலுத்தி இது கண்டறியப்பட்டது. அளவு 0.80 அல்லது அதற்குக் குறைவாயின் அடைப்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது எனக் கொள்ளப்படும். இத்தகைய இடைநிலை அடைப்புகளில்தான் ஸ்டென்ட் தேவையா, மருந்து போதுமா என்ற கேள்வி எழுகிறது.

கம்பியின்றி, இரு கோணப் படங்களிலிருந்தே இவ்வழுத்த விகிதத்தைக் கணிக்கும் மென்பொருள்களும் உள்ளன. சீனாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இக்கணிப்பின்படி சிகிச்சை பெற்றோர் கண்மதிப்பின்படி சிகிச்சை பெற்றோரைவிட ஓராண்டில் நல்ல பலன் பெற்றனர். ஆயினும் 2024-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கம்பி முறைக்கு இது ஈடானது என நிறுவப்படவில்லை. ஆகவே கம்பி வசதி உள்ள இடத்தில் அதனை முழுவதுமாக விலக்கிவிட இயலாது.

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு இக்கணக்குகளுக்காகக் காத்திருப்பதில்லை; அடைபட்ட தமனி உடனே திறக்கப்படுகிறது.